ஆட்டம் முடிந்தபின் வரும் தண்டனை

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பதின்மூன்று வயதான என் மகன் ஈரோட்டில் ஒரு பயிற்சி முகாமில் வேகப்பந்து வீசக் கற்றுக்கொள்கிறான். அண்மையில் பெருந்துறையில் நடந்த ஓர் ஆட்டத்தில், எதிரணிப் பையனின் ஸ்டம்பைச் சாய்த்தவுடன் அவன் முகத்துக்கு நேராகப் போய்க் கத்தி, வெளியே போகும்படி கைகாட்டினான். பயிற்சியாளரிடம் முறையிட்டேன். "வேகமாப் போடற பையனுக்குச் சூடு இருக்கோணுமுங்க, இதையெல்லாம் கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். பெரிய ஆட்டக்காரர்களும் அபராதம் கட்டிவிட்டு அதையேதான் மறுபடி செய்கிறார்கள். ஆக்ரோஷம் இல்லாமல் ஆட்டம் இல்லையா?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆக்ரோஷம் ஆட்டத்துக்கு வேண்டியதுதான். நெஞ்சுக்கு எழும்பும் பவுன்சரும், மட்டையாளருக்கு மிக அருகே நிறுத்தப்படும் ஷார்ட் லெக் தடுப்பாளரும் அச்சுறுத்தவே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு அவர் தம் மட்டையால் பதில் சொல்ல முடியும். ஆட்டமிழந்து திரும்பி நடப்பவரை நோக்கிக் கத்தும்போது அவரிடம் பதில் சொல்ல எதுவுமே இல்லை. அதனால் அதை வீரத்தின் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சூடு தணிந்துவிடும் என்று பயிற்சியாளர் அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்கு விடை கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பரில் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த, மண்டல அணிகள் மோதும் துலீப் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி நாளில், தென் மண்டல மட்டையாளர் ரவி தேஜாவை மேற்கு மண்டலத்தின் யஷஸ்வி ஜெய்ஸ்வால் விடாமல் சீண்டிக்கொண்டிருந்தார். நடுவர்கள் எச்சரித்தும் அவர் நிறுத்தாததால், அவருடைய அணித்தலைவர் அஜிங்க்ய ரஹானேவே அவரை மைதானத்தை விட்டு வெளியேறச் சொன்னார். அதே ஆட்டத்தில் 265 ஓட்டங்கள் குவித்து அணியை வெற்றியின் வாசலில் நிறுத்தியிருந்தவர் ஜெய்ஸ்வால் என்பதை இங்கே மறக்கக் கூடாது. சில ஓவர்களுக்குப் பிறகே அவர் திரும்ப வந்தார். மேற்கு மண்டலம் 294 ஓட்டங்களில் வென்றது. அடுத்த ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் தம் முதல் டெஸ்டிலேயே 171 ஓட்டங்கள் எடுத்தார் ஜெய்ஸ்வால். அவருடைய சூடு எங்கே தணிந்தது?

அபராதத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 2016 முதல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் குற்றப்புள்ளிகளையும் சேர்த்து வழங்குகிறது. இருபத்துநான்கு மாதங்களுக்குள் நான்கு சேர்ந்தால் ஆடத் தடை. தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ரபாடா 2020இல் இங்கிலாந்தின் ஜோ ரூட்டை வீழ்த்திவிட்டு அவருக்கு மிக அருகில் போய் ஆர்ப்பரித்ததால் இப்படித்தான் ஜொகன்னஸ்பர்க் டெஸ்டில் ஆடும் வாய்ப்பை இழந்தார். ஆனால் தண்டனை அங்கே வரை போவது அரிது. 2024 டிசம்பரில் மெல்போர்னில், முதல் டெஸ்ட் ஆடிய பத்தொன்பது வயது ஆஸ்திரேலியர் கொன்ஸ்டாஸைத் தோளால் இடித்த கோலிக்கு ஆட்ட ஊதியத்தில் 20 விழுக்காடும் ஒரு குற்றப்புள்ளியும்தான். (அந்தப் பையன் அசரவில்லை, 60 ஓட்டங்கள் எடுத்தான்.) 2025 ஜூனில், அதே எஸ்.என்.ஆர். மைதானத்தில், தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டமொன்றில் எல்பிடபிள்யூ தீர்ப்பை ஏற்காமல் நடுவரிடம் வாதிட்டு, மட்டையால் தம் கால்காப்பில் அடித்த அஷ்வினுக்கு விதித்தது 30 விழுக்காடு அபராதம். அந்த மட்டை அடியைச் சிறுவர்கள் நேரில் பார்த்தார்கள். அபராதமோ பிறகு செய்தியில் ஒரு வரியாக வந்தது. அதை எத்தனை சிறுவர்கள் படித்திருப்பார்கள்?

எனக்குப் பெரும் வருத்தம் இதுதான்: உடனடித் தண்டனைக்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2017இல் கொண்டுவந்த 42ஆம் விதியின்படி, நடத்தை மீறலுக்கு எதிரணிக்கு ஐந்து ஓட்டங்கள் கொடுக்கவும், குற்றம் கடுமையானால் ஆட்டக்காரரைச் சில ஓவர்களுக்கு வெளியே வைக்கவும், வன்முறையானால் ஆட்டம் முழுவதும் விலக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. சர்வதேச ஆட்டங்களுக்கு ஏற்றபோது அவற்றுள் கடைசிப் படியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பழையபடி அபராதத்துக்கே விட்டுவிட்டார்கள். வசையால் தன் அணிக்கு ஐந்து ஓட்டங்கள் போகும் என்றால், பக்கத்தில் நிற்கும் தோழனே வாயைப் பொத்துவான்.

உங்கள் மகனுக்கு ஊதியமும் இல்லை, குற்றப்புள்ளியும் இல்லை. ஓவர்கள் மட்டுமே இருக்கின்றன. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்று 2021இல் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின், காலடியில் வந்து விழும் யார்க்கர்களை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். விக்கெட் விழுந்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். பயிற்சியாளரிடம் மறுபடி பேசுங்கள். இனி அவன் அப்படிக் கத்தினால் அந்த ஓவரோடு அன்றைக்கு அவன் கையில் பந்து இல்லை என்பதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவைக்கும்படி கேளுங்கள். அவர் மறுத்தால், ஈரோட்டில் வேறு முகாம் பார்ப்பதில் தவறில்லை.

அன்புடன்.