தூரில் ஈரம் இருந்தும் தென்னை ஏன் வாடுகிறது?

கேள்வி: ஏழு வயதுத் தென்னை. தூரை ஒட்டிப் போட்ட சொட்டுநீர் தினமும் ஓடுகிறது, மண் எப்போதும் நசநசவென்றே இருக்கிறது. ஆனாலும் அடிமட்டைகள் தொங்குகின்றன, குரும்பை கொட்டுகிறது. உரக்கடையில் ‘வேர் ஊக்கி’ கேன் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் மண்வெட்டியை எடுங்கள்.

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. தூரிலிருந்து விரல் தடிமனில் கிளம்பும் வேர்கள் பக்கவாட்டில் ஓடும். மற்ற பல செடிகளுக்கு இருக்கிற, வேரின் மேல் மயிர்போல் முளைக்கும் வேர்த்தூவியும் இதற்குக் கிடையாது. நுனிக்குச் சற்றுப் பின்னால், வெளிறி இளசாக இருக்கும் பகுதிதான் தண்ணீரை உறிஞ்சும். செம்பழுப்பாக முற்றிய பகுதி கடத்துமே தவிர, பெரிதாக உறிஞ்சாது. நீங்கள் தண்ணீர் விடுவது அந்த முற்றிய வேர்களின் மேல்.

அதோடு வேருக்கு மூச்சும் வேண்டும். மண் இடைவெளியெல்லாம் நாள்கணக்கில் தண்ணீர் நிறைந்திருந்தால் காற்று போகாது. வேரின் உயிரணுக்கள் சோர்ந்து, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் உள்ளே விடாது. மேலே மட்டை வாடும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் விடுவோம். பல தோப்புகள் கெடுவது இப்படித்தான்.

தூரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஓரடி ஆழம் தோண்டிப் பாருங்கள். நுனி வெளிறி உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்துக் கொழகொழத்து நாறினால் மேல்மண் உலரும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். அப்புறம் மரத்துக்கு நான்கு சொட்டுவானை ஒரு மீட்டர் தள்ளி நாலு பக்கமும் வையுங்கள். மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் போட வேண்டும்.

‘நுனிதான் உறிஞ்சும் என்றால், வேரை வெட்டி, அதில் டானிக் ஊற்றிய பையைக் கட்டுகிறார்களே, அது எப்படி ஏறுகிறது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே வேர் உறிஞ்சவில்லை. பென்சில் தடிமனுள்ள உயிருள்ள வேரைச் சாய்வாக வெட்டும்போது உள்ளேயிருக்கும் நீர்க்குழாய் திறந்துகொள்கிறது. இலைகள் ஆவியாக விடும் தண்ணீருக்கு ஈடாக மரம் கீழிருந்து இழுக்கும் இழுப்பில், பையிலிருப்பதும் ஏறிவிடுகிறது. அதனால் வெயில் நாளில் வேகமாக ஏறும், மழை மூட்டத்தில் அப்படியே நிற்கும். காய்ந்த வேரில் கட்டினால் ஏறவே ஏறாது. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி வருகிற ஆட்கள் கைக்குக் கிடைத்த வேரில் கட்டிவிட்டுப் போவதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கட்ட விடாதீர்கள். பூச்சிமருந்து என்றால், முற்றிய காய்களை முன்பே பறித்துவிட வேண்டும். கட்டியபின் 45 நாள் பறிக்கக் கூடாது. இதை அவர்கள் சொல்வதில்லை.

கேன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேர் ஊக்கி போன்ற ‘உயிரூக்கிகள்’, உர விற்பனையையும் தரத்தையும் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்ததே 2021-இல்தான். அதற்கு முன் யாரும் எதையும் அடைத்து விற்கலாம் என்ற நிலை. இத்தனை வருடம் விவசாயி காசைத் தண்ணீரில் போட்டபிறகு விதி வந்தது. இன்றும் லேபிளைப் படித்துச் சரிபார்க்கும் வேலை விவசாயி தலையில்தான் விழுகிறது. பில் தராத கடையில் எதையும் வாங்காதீர்கள். எவ்வளவு நல்ல ஊக்கியும் காற்றில்லாத மண்ணில் வேரைப் பிழைக்க வைக்காது.

தூரில் செம்பழுப்புச் சாறு கசிந்தால் மட்டும் இதெல்லாம் பொருந்தாது. அது தஞ்சாவூர் வாடல் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். வட்டார வேளாண் அலுவலரை மரத்தடிக்கே வரச் சொல்லிக் காட்டுங்கள்.