எலிவாலைத் தேடிப் பாருங்கள்

கேள்வி: ஏழு வயது மகளுக்காக 'அற்புத உலகில் ஆலிஸ்' ஆன்லைனில் வாங்கினேன். 'முழுமையான பதிப்பு' என்று போட்டிருந்தது. வந்ததில் ஒரு படம்கூட இல்லை. இதைக் குறை என்று சொல்லித் திருப்பி அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள், தப்பு உங்கள் மேல் இல்லை. 1865இல் வந்த அந்தப் புத்தகத்தில் ஜான் டெனியல் வரைந்த படங்கள் 42. கிரிஃபன் என்ற பிராணி வரும் இடத்தில், அது என்னவென்று தெரியாவிட்டால் படத்தைப் பார் என்று கதையே சொல்கிறது. குழந்தை எதைப் பார்ப்பாள்? நானும் இப்படி ஒன்றில் ஏமாந்திருக்கிறேன். அதில் ஓர் எலி சொல்லும் கதை, அச்சில் வால் மாதிரி வளைந்து, சிறுத்துக்கொண்டே போகவேண்டும். என் பிரதியில் அது செங்கல் மாதிரி ஒரே பத்தி. அடுத்த முறை மாதிரிப் பக்கங்களில் அந்த வாலைத் தேடுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: 'ஓஸ் மந்திரவாதி' கதையில் சிறுமி டாரதியின் செருப்பு வெள்ளி என்று இருக்கிறது. சினிமாவில் சிவப்பு. போலிப் புத்தகமா?

பதில்: அசல்தான். 1900இல் வந்த கதையில் வெள்ளி. சிவப்பாக்கியது 1939 சினிமா.

கேள்வி: அட்டை அழகாக இருந்ததால் 'கால இயந்திரம்' வாங்கி, ஐந்து வயதுப் பையனுக்கு வாசித்தேன். இப்போது விளக்கை அணைத்தால் அழுகிறான்.

பதில்: நிலத்தடியில் வாழும் மார்லாக்குகள் இருட்டில் மேலே வந்து ஈலாய் என்ற சாதுவான மனிதர்களைப் பிடித்துத் தின்னும் கதை அது. அழாமல் என்ன செய்வான்? வாசித்துக் காட்டுமுன் நீங்கள் ஒரு தடவை படித்திருக்கலாமே.

கேள்வி: எட்டு வயதுப் பேரனுக்கு ஜூல் வெர்னின் கடல் கதை, 'கடலுக்கு அடியில் இருபதாயிரம் லீக்'. சுருக்கப் பதிப்பு போதுமா?

பதில்: சரி, இதற்குத்தான் காத்திருந்தேன். சுருக்குவது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் குற்றம். அட்டையில் வெர்ன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வெட்டியவர் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. 'முழுப் பதிப்பு' என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வெர்ன் எழுதியது பிரெஞ்சில். 1870களில் வந்த இந்தக் கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிட்டத்தட்ட கால்வாசியை விழுங்கியது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உள்ள கரட்டு நிலம் அதில் 'பிடிக்காத பிரதேசம்' ஆகிவிட்டது. காப்புரிமை இல்லை, காசு கொடுக்க வேண்டாம். அதனால் அதையே இன்றும் புது அட்டை போட்டு விற்கிறார்கள். மொழிபெயர்த்தவர் பெயரும் ஆண்டும் உள்பக்கத்தில் இல்லாவிட்டால் வைத்துவிட்டு நகருங்கள். பேரன் தானே படிப்பதென்றால் நல்ல சுருக்கம் போதும், சுருக்கியவர் பெயர் இருக்கட்டும். மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் வாசிப்பதென்றால் முழுசையே வாங்குங்கள். பக்கம் பக்கமாக மீன் பெயர்கள் வரும். அவன் கொட்டாவி விட்டால் தாண்டிக்கொள்ளலாம். ஆனால் ராட்சதக் கணவாய் வரும் அத்தியாயத்தில் ஒரு வரிகூட விடாதீர்கள்.

கேள்வி: நார்னியா கதைப் புத்தகங்கள் ஏழும் ஒரே பெட்டியாக வாங்கினேன். எண் 1லிருந்து தொடங்கலாமா?

பதில்: எண் 2லிருந்து. 1950இல் முதலில் வந்தது அதுதான். இப்போது எண் 1 போட்டிருக்கும் புத்தகம் 1955இல் வந்த முன்கதை. எண் 2இல் ஓர் அலமாரிக்குள் நுழைந்தால் பனி மூடிய உலகம் இருக்கும். அலமாரிக்குள் பனி எப்படி வந்தது என்று குழந்தை கொஞ்சம் குழம்பட்டும்.