சிறிய வீடு ஏன் விலைபோகவில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, 600 சதுர அடிக்கும் குறைவான வீட்டை விற்க முயன்று, மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான்கு மாதங்களில் முப்பது பேர் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூட விலை பேசவில்லை. விலையைக் குறைத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வாங்க நினைப்பவர் எந்தக் கட்டத்தில் விலகிக்கொள்கிறார் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். விளம்பரம் வந்த பிறகும் பார்க்க ஆளே வரவில்லை என்றால் விலையிலோ விளம்பரத்திலோ கோளாறு இருக்கிறது. விலை பேசி முடித்த பிறகு பின்வாங்குகிறார்கள் என்றால் பத்திரத்திலோ கட்டடத்திலோ சிக்கல் இருக்கிறது. வந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் போகிறார்கள் என்றால், விளம்பரத்தில் படித்த வீடும் நேரில் கண்ட வீடும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரியவில்லை என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். உங்களுடையது இந்த மூன்றாவது வகை. அந்த முப்பது பேருக்கும் விலை முன்பே தெரியும், வீடு சிறியது என்பதும் தெரியும், தெரிந்தே வந்திருக்கிறார்கள். ஆகவே வாசலைத் தாண்டிய பிறகு கண்ட ஏதோ ஒன்றுதான் அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அவர்களில் ஐந்தாறு பேரிடம், உங்களுக்காக வேறொருவர் பேசி, எது பிடிக்கவில்லை என்று கேட்கட்டும். வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே யாரும் உண்மையைச் சொல்வதில்லை. மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் அதைச் சரிசெய்யுங்கள். இருட்டு, வாடை, குளியலறையின் நிலை, கதவைத் திறந்தால் கட்டிலில் இடிப்பது என்று அந்தக் குறை பெரும்பாலும் விலைக் குறைப்பைவிட மலிவாகத் தீரக்கூடியதாகவே இருக்கும்.

கேள்வி: எங்களுடையது சிறிய வீடு. விற்கவே மாட்டேன் என்கிறது. என்ன காரணம்? உடனே பதில் வேண்டும்.

பதில்: வீட்டின் பரப்பளவு, கட்டிய ஆண்டு, கேட்கும் விலை, எத்தனை நாளாக விளம்பரத்தில் இருக்கிறது, எத்தனை பேர் பார்த்தார்கள் ஆகிய ஐந்தில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. உங்கள் விளம்பரமும் இப்படித்தான் இருக்குமானால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கேள்வி: விளம்பரத்தில் 500 சதுர அடி என்று கொடுத்திருந்தோம். வந்தவர் அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "இது 500 இல்லையே" என்று வாக்குவாதம் செய்துவிட்டுப் போய்விட்டார். வெளி அளவைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படி எழுதியது தவறா?

பதில்: தவறுதான். இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். உட்புறத்தை நாடாவால் அளந்து, அந்த அளவை எழுதுங்கள்.

வெளி அளவை எழுதும் பழக்கம் பெரிய வீட்டைவிடச் சிறிய வீட்டுக்கு அதிகத் தீங்கு செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாலே விளங்கும். 40 அடிக்கு 50 அடி என்று வெளி அளவு கொண்ட வீட்டின் பரப்பு 2,000 சதுர அடி. சுற்றுச்சுவர் 9 அங்குலம் என்றால் உள்ளே 38.5க்கு 48.5 அடி, அதாவது ஏறத்தாழ 1,867 சதுர அடி கிடைக்கும். சுவர் தின்றது 7 சதவீதத்துக்கும் குறைவு. உங்கள் வீடு 20க்கு 25 என்று வைத்துக்கொள்வோம். அதே 9 அங்குலச் சுவர் நின்றால் உள்ளே 18.5க்கு 23.5 அடிதான், 500 என்றது 435 ஆகிவிடுகிறது. இழப்பு 13 சதவீதம், பெரிய வீட்டில் போனதைப் போல இரண்டு மடங்கு. அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்களையும் கழித்தால் 420 மிஞ்சும். நீங்கள் 500 சதுர அடிக்கென்று கணக்கிட்டுச் சொன்ன விலையை வாங்குபவர் 435 ஆல் வகுத்துப் பார்க்கிறார்; சதுர அடி விலை ஒரே நொடியில் 15 சதவீதம் ஏறிவிடுகிறது. அவர் வாக்குவாதம் செய்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

அடுக்குமாடிக் குடியிருப்பில் இது இன்னும் மோசம். மாடிப்படி, நடைபாதை, மின்தூக்கி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுகிறார்கள். நிமிர்ந்து நிற்கவே முடியாத பரணையும், காற்றோ வெளிச்சமோ புகாத சாமான் அறையையும் அறைகளாகக் கணக்கிடுகிறார்கள். "இரண்டு படுக்கையறை" என்று படித்துவிட்டுக் குழந்தையோடு வந்த தம்பதியர், இரண்டாவது அறைக்குச் சன்னலே இல்லை என்று கண்டதும், அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மைகளையும் நம்புவதில்லை. கூரை ஒழுகாது என்றாலும் நம்ப மாட்டார்கள்; தண்ணீர்க் குழாய்கள் புதியவை என்றாலும் நம்ப மாட்டார்கள். பல ஆண்டுகளாக வீடுகளை அளந்து மதிப்பிட்டு வருகிறேன். சிறியது என்று தெரிந்தே வந்தவர் அது சிறியதாக இருக்கிறது என்பதற்காக விலகிப் போனதை அரிதாகவே கண்டிருக்கிறேன்; சொன்ன அளவு இல்லை என்பதற்காக விலகியவர்களுக்குக் கணக்கே இல்லை.

ஆகவே ஒவ்வோர் அறையின் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே அளந்து, சன்னலும் கதவும் எங்கே இருக்கின்றன, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் காட்டும் ஒரு கோட்டுப் படத்தை விளம்பரத்தோடு சேருங்கள். பார்க்க வருபவர்கள் குறைவார்கள். ஆனால் வருபவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வருவார்கள்.

கேள்வி: இடம் பெரிதாகத் தெரிவதற்காக வீட்டைக் காலி செய்துவிட்டோம். சரிதானே?

பதில்: சிறிய வீட்டுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. வெற்று அறையில் கண்ணுக்கு அளவுகோல் எதுவும் அகப்படுவதில்லை, "இதில் கட்டில் போட முடியுமா?" என்ற ஐயத்தோடேயே வந்தவர் வெளியேறுகிறார். படுக்கையறையில் இருவர் படுக்கும் கட்டில் ஒன்றைப் போட்டு, சுற்றி நடக்க இரண்டரை அடி வழி விட்டுக் காட்டினால் ஐயம் தீர்ந்துவிடும். கூடத்தில் சிறியதாய் ஒரு சாப்பாட்டு மேசையும் நாற்காலிகளும் போதும். வாங்க வருபவர்கள் அலமாரிகளைக் கட்டாயம் திறந்து பார்ப்பார்கள். அவை பிதுங்கி வழிந்தால் வீட்டில் சாமான் வைக்க இடமில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். எனவே அலமாரிகளில் பாதியைக் காலியாக வையுங்கள்.

கேள்வி: சுவரின் அடிப்பகுதியில் ஓதம் அடித்துப் பூச்சு உதிர்கிறது. வண்ணம் பூசிவிட்டுக் காட்டலாம் என்கிறார் தரகர்.

பதில்: பூசாதீர்கள். ஓதத்தின் மூலத்தைக் கண்டுபிடிக்காமல் பூசிய வண்ணம் சில மாதங்களுக்குள் கொப்புளம் கட்டிவிடும். நான்கு சுவர்களில் ஒன்றுமட்டும் புதிதாக மின்னினால், அங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்பது அனுபவமில்லாதவருக்கும் தெரியும். மறைத்து விற்றது பின்னர் வெளிப்பட்டால் வழக்குவரை போகக்கூடும்.

மூலங்கள் பெரும்பாலும் மூன்று. தரையிலிருந்து நுண்துளைகள் வழியே மேலேறும் ஈரம் பொதுவாக மூன்றடி உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல்விளிம்பில் உப்புப் பூத்திருக்கும். குழாய்க் கசிவு எந்த உயரத்திலும் தோன்றும், மழைக்கும் வெயிலுக்கும் மாறாது. மூன்றாவதுதான் சிறிய வீடுகளில் அதிகம் காணப்படுவது. குறைந்த இடத்தில் சமைத்து, குளித்து, துணியையும் உள்ளேயே உலர்த்தும்போது காற்றில் ஏறும் ஈரம் குளிர்ந்த சுவரிலும் மூலைகளிலும் படிந்து கரும்பூஞ்சையாகிறது. இதற்குச் சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி வைத்து, துணியை வெளியே உலர்த்தினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். முதல் இரண்டுக்கும் ஆளை வைத்துப் பழுது நீக்கி, அதற்கான ரசீதை வைத்திருந்து, வாங்க வருபவரிடம் காட்டுங்கள். வாசனைத் தெளிப்பான் அடித்து வைப்பதும் வேண்டாம். அது ஐயத்தைத்தான் கிளப்பும்.

கேள்வி: வாங்கிய விலையைவிடக் குறைத்துக் கேட்கிறார்கள். சமையலறைக்கு வேறு நிறையச் செலவழித்திருக்கிறேன். நட்டத்துக்கு விற்கச் சொல்கிறீர்களா?

பதில்: நீங்கள் கொடுத்த விலை வாங்குபவருக்குத் தொடர்பில்லாதது. அவர் பார்ப்பது, கடந்த ஆறு மாதங்களில் அதே தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இதே அளவுள்ள வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதைத்தான். விற்று முடிந்த விலையைச் சொல்கிறேன்; கேட்கும் விலையை அல்ல. உங்கள் மனநிலை உங்களுக்கு மட்டும் உரியதன்று. பாஸ்டன் நகரில் 1990களில் விற்பனைக்கு வந்த அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், வாங்கிய விலைக்கும் கீழே விற்க நேரும் நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் விலை கேட்டார்கள் என்றும், அவர்களுடைய வீடுகள் விற்க அதிகக் காலம் பிடித்தது என்றும் கண்டார்கள். கூடுதலாகக் கேட்டதில் ஒரு பகுதி அவர்களுக்குக் கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் காத்திருந்த காலத்துக்கான வட்டியையும், வரியையும், பராமரிப்பையும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். அதைக் கணக்கிட்டு, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

சமையலறைச் செலவு முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறைப்பதென்று முடிவு செய்தால், மாதம் ஒருமுறை கிள்ளிக் கிள்ளிக் குறைக்காமல், உரிய அளவுக்கு ஒரே தடவையில் குறையுங்கள். அடிக்கடி இறங்கும் விலையைப் பார்ப்பவர் அடுத்த இறக்கத்துக்காகக் காத்திருப்பார்.

கேள்வி: விலையைக் கூட்டிச் சொன்னால்தானே பேரத்தில் இறங்கி வர முடியும்?

பதில்: கேட்கும் விலை மனத்தை இழுக்கும் என்பதில் உண்மை இருக்கிறது. கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீட்டுக்கு வெவ்வேறு விலைகளைக் குறித்துக் கொடுத்தபோது, தொழில்முறைத் தரகர்களின் மதிப்பீடுகள்கூட அந்த விலைகளின் பக்கம் சாய்ந்தன. ஆனால் அவர்கள் நேரில் வந்து வீட்டைப் பார்த்தவர்கள். உங்கள் சிக்கல் அதற்கும் முந்தியது. சிறிய வீடு தேடுபவரின் கையிருப்புக்கும் கடன் தகுதிக்கும் ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை முழு எண்ணாகக் கொடுத்துத்தான் அவர் இணையத்தில் தேடுகிறார். அதற்கு இரண்டு சதவீதம் மேலே உங்கள் விலை நின்றாலும் உங்கள் வீடு அவர் கண்ணில் படவே படாது. மேலே நிற்கும் அந்த விலை, இன்னும் கொஞ்சம் பெரிய வீட்டின் விலையைத் தொட்டுவிட்டால், வந்து பார்ப்பவரும் அந்தப் பெரிய வீட்டையே வாங்குவார்.

கேள்வி: சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள சுவரை இடித்தால் வீடு விசாலமாகத் தெரியுமா?

பதில்: சுமை தாங்கும் சுவரா இல்லையா என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து எழுத்தில் கொடுக்கும்வரை சுத்தியலைத் தொட வேண்டாம்.

கேள்வி: அகலக் கோண ஒளிப்படங்கள் எடுத்துப் போட்ட பிறகு நிறையப் பேர் வருகிறார்கள். ஆனாலும் விற்கவில்லை.

பதில்: அறையை ஒன்றரை மடங்கு பெரிதாகக் காட்டும் படம், வந்தவரை ஒன்றரை மடங்கு ஏமாற்றமடையச் செய்யும். பழைய படச்சுருள் அளவுக்குப் படம் பிடிக்கும் முழுச்சட்டக ஒளிப்படக் கருவியில் 24 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள வில்லை (லென்ஸ்) அறைகளுக்குப் போதும். 16க்கும் கீழே போனால் ஓரத்தில் நிற்கும் நாற்காலி கட்டில்போல் நீளும். கருவியை மார்பளவு உயரத்தில் நேராகப் பிடித்து, பகல் வெளிச்சத்தில், திரைகளை விலக்கிவிட்டு எடுங்கள். கூடவே, மேலே சொன்னபடி, உட்புறத்தை அளந்து எழுதுங்கள்.

கேள்வி: இரண்டு முறை விலை பேசி முடித்து, இரண்டு முறையும் வங்கி கடன் மறுத்துவிட்டது.

பதில்: மறுத்ததற்கான காரணத்தை வாங்க இருந்தவர் மூலம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அனுமதியில்லாமல் பின்னால் சேர்த்துக் கட்டிய அறை, பத்திரத்தில் உள்ள பரப்புக்கும் நேரில் உள்ள பரப்புக்கும் வேறுபாடு, கையெழுத்திடாத வாரிசு ஆகிய மூன்றும் அடிக்கடி காணப்படுபவை. மிகச் சிறிய வீடுகளுக்குக் கடன் கொடுக்காத நிறுவனங்களும் உண்டு. உங்கள் வீட்டின் அளவுக்குக் கடன் தருபவர் யார் என்பதை முன்கூட்டியே விசாரித்து, வாங்க வருபவரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஆளிடம் முன்பணம் வாங்குவதற்கு முன் இதை முடித்தாக வேண்டும்.

கேள்வி: குடும்பமாக வருகிறார்கள், பார்க்கிறார்கள், போகிறார்கள். யாரை எதிர்பார்ப்பது என்றே தெரியவில்லை.

பதில்: 400 சதுர அடி வீட்டை நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு விற்க முயல்வது வீண். உங்கள் வீட்டை வாங்கக்கூடியவர் தனியாக வாழ்பவர், புதிதாகக் குடித்தனம் தொடங்கும் இருவர், பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாத முதியவர், வாடகை வருமானம் தேடுபவர் ஆகிய நால்வரில் ஒருவராகத்தான் இருப்பார். இவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவதை எழுதுங்கள். முதியவருக்கு வாசலில் எத்தனை படிகள் என்பதும் சக்கர நாற்காலி நுழையுமளவுக்குக் குளியலறைக் கதவு அகலமா என்பதும் முக்கியம். வாடகைக்கு விட நினைப்பவருக்கு, அதே தெருவில் இதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பது வேண்டும். நால்வருக்கும் பொதுவானது மாதச் செலவு. கடந்த 12 மாதங்களின் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், வரி, பராமரிப்புத் தொகை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ரசீதுகளோடு மேசைமேல் வையுங்கள். அந்தத் தாளின் தலைப்பில் வீட்டின் உட்புற அளவும் இருக்கட்டும்.