காருக்குள் மக்கிய வாடையா? கேஸ் நிரப்பக் காசு கொடுக்காதீர்கள்

மழை ஓய்ந்த கையோடு கார் ஏசி பற்றிய கேள்விகள் மொத்தமாக வந்து குவிந்திருக்கின்றன, அதில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: ஏசி போட்டதும் வாடை. அதனால் வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் கேள்விகளை எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐந்து வருடப் பழைய ஹேட்ச்பேக். வேளச்சேரியில் தெருவோரம் வேப்பமரத்தடியில் நிற்கும். ஏசி போட்ட முதல் ஒரு நிமிடம் வெயில் காணாத ஈரத்துணி மக்கினது போல ஒரு வாடை, அப்புறம் போய்விடுகிறது. குளிர்ச்சியில் குறை இல்லை. சர்வீஸ் சென்டரில் ஏசி டிஸின்ஃபெக்‌ஷன் 1,450 ரூபாய், கேஸ் டாப்-அப் 1,900, கேபின் ஃபில்டர் 650, அதற்கு மேல் 'ஃப்ரெஷ்னர் ட்ரீட்மெண்ட்' 500 என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். எது தேவை, எது தண்டம்?

பதில்: ஃபில்டர் தேவை. டிஸின்ஃபெக்‌ஷன் தேவைப்படலாம், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கேஸும் ஃப்ரெஷ்னரும் தண்டம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் அடுத்த முறை எஸ்டிமேட்டை நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். டேஷ்போர்டுக்குள், பெரும்பாலான வண்டிகளில் க்ளவ் பாக்ஸ் பக்கமாக, கூலிங் காயில் இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கிய ஒரு பெட்டி. ஏசி ஓடும்போது உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே குளிர்ந்து கிடக்கும் அந்தத் தகடுகளின் வழியாகத்தான் காற்று உங்கள் முகத்துக்கு வருகிறது. சென்னைக் காற்றில் இருக்கிற ஈரம் அதில் பட்டதும் தண்ணீராகி, அடித்தட்டில் வடிந்து, ட்ரெயின் பைப் வழியாக ரோட்டில் சொட்டும். ஏசி போட்டு நிற்கிற கார்களுக்கு அடியில் பார்க்கிறோமே, அந்தத் தண்ணீர். வண்டியை அணைத்த கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும், ஆனால் தகடுகளின் இடுக்கில் ஈரம் தங்கிவிடும். வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, ஃபில்டரைத் தாண்டி வந்த தூசியும் வேப்பம்பூத் தூளும் தீனிக்குத் தயாராக இருக்கின்றன, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? காலையில் ப்ளோயர் சுற்றியதும் முதல் காற்று அந்த வாடையை அள்ளிக்கொண்டு வருகிறது. காயில் மறுபடி குளிர்ந்து புதுத் தண்ணீர் படிந்ததும் அமுங்குகிறது, அவ்வளவுதான், போய்விடவில்லை. சிக்னலில் நிற்கும்போது கம்ப்ரஸர் கட் ஆகிற நேரத்தில் கவனியுங்கள், லேசாகத் திரும்ப வரும்.

இதில் கேஸுக்கு எந்தப் பங்கும் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. குளிர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பிறகு எதற்கு டாப்-அப்? ஒருவேளை பெரிய அளவில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், அப்போதும் முதலில் லீக் டெஸ்ட், பிறகுதான் கேஸ். இந்த ஒரு வரியை சர்வீஸ் அட்வைசரிடம் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஐட்டம் தானாகவே எஸ்டிமேட்டில் இருந்து காணாமல் போகும்.

ஃபில்டரைப் பொறுத்தவரை, சின்ன வண்டிகளுக்கு வெளியே ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். மாட்டுவதற்கு மெக்கானிக் தேவையில்லை, நிறைய மாடல்களில் க்ளவ் பாக்ஸைக் காலி செய்து இரண்டு பக்கத்தையும் உள்ளே அமுக்கினால் அது கீழே மடங்கிவிடும், பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஃபில்டர். உருவும்போது மெதுவாக உருவுங்கள். மரத்தடி வண்டியின் ஃபில்டர் மடிப்புகளில் இலைக்காம்பு, கொசு இறக்கை, சாம்பல் நிறப் பஞ்சு எல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும், வேகமாக இழுத்தால் அத்தனையும் ப்ளோயருக்குள் கொட்டும். திரும்ப மாட்டும்போது ஓரத்தில் போட்டிருக்கிற அம்புக்குறி காற்று போகிற திசையில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, இல்லை 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்குள் மாற்றினால் போதும். எப்போது என்று கேட்டால், வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்தில் என்பேன். புதிதாக மாட்டிய ஃபில்டரை மழைக்காலம் முழுக்க ஈரத்தில் ஊறவைப்பதில் என்ன லாபம்? அப்புறம், சர்வீஸ் சென்டரில்தான் மாற்றுகிறீர்கள் என்றால் அதன் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதச் சொல்லுங்கள். அடுத்த சர்வீஸில் 'மாற்றிவிட்டோம்' என்று பில் வரும்போது திறந்து பார்க்க வசதியாக இருக்கும்.

வாடை எல்லாமே பூஞ்சை என்றும் நினைத்துவிடாதீர்கள். இனிப்பாக, பாகு வாடை மாதிரி வந்து கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் புகை படிந்தால் உள்ளே இருக்கும் ஹீட்டரில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம், கசிகிறது. பெட்ரோல் வாடை என்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம், இருந்த இடத்துக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிற நாற்றம் என்றால் எலி. அதற்கு எந்த ஸ்ப்ரேயும் கேட்காது, கழற்றி எடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஏசி க்ளீனர் ஃபோம் டப்பா வாங்கி நானே அடிக்கலாமா? வீடியோக்களில் ஏசி வென்ட் வழியாகவே அடிக்கிறார்கள். (கோவை)

பதில்: அடிக்கலாம், ஆனால் வென்ட் வழியாக அடித்துப் பிரயோஜனம் இல்லை. அங்கிருந்து காயிலுக்கு வளைந்து வளைந்து போகிற பாதை, முக்கால்வாசி ஃபோம் நடுவிலேயே நின்றுவிடும். காயிலைத் தொட இரண்டு வழிதான் உருப்படியானவை. ஒன்று, டப்பாவோடு வருகிற நீளக் குழாயை வண்டிக்கு அடியில் இருக்கும் ட்ரெயின் பைப்பில் நுழைத்துக் கீழிருந்து மேலே ஏற்றுவது. இன்னொன்று, ஃபில்டரைக் கழற்றிய துளை வழியாக அடிப்பது. இரண்டாவதில் ஒரு சிக்கல் உண்டு. சில வண்டிகளில் ஃபில்டருக்கு அடுத்து காயில் இருக்கும், சிலவற்றில் ப்ளோயர் மோட்டார் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், விசிறி தெரிந்தால் அங்கே அடிக்காதீர்கள், மோட்டார் நனைந்தால் 500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 5,000 செலவாகும்.

எல்லாம் அணைத்திருக்கும்போது அடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம், பொதுவாக 15 முதல் 20 நிமிடம், விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் கீழே பழுப்பாகத் தண்ணீர் சொட்ட ஆரம்பிக்கும், சில வண்டிகளில் பார்த்தால் அடுத்த வேளை சாப்பாடு இறங்காது. சொட்டுவது நின்ற பிறகு கதவுகளைத் திறந்துவிட்டு, ஏசி பட்டனைப் போடாமல், சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, ப்ளோயரை மட்டும் முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். புது ஃபில்டர் கடைசியில். பழையதை மாட்டிவிட்டு 'வாடை போகவே இல்லை' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ப்ளீச்சிங் கரைசல், பினாயில், டெட்டால் இதெல்லாம் கூடாது. ப்ளீச் அலுமினியத்தை அரிக்கும், மற்ற இரண்டின் வாடையும் காயிலில் ஏறிவிட்டால் மாதக்கணக்கில் அதோடு குடும்பம் நடத்த வேண்டியிருக்கும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன்னைக் காயில் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் சுத்தம் செய்கிற அன்று அவர்களை வண்டியில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: முன்னால் இடது பக்க மிதியடி எப்போதும் ஈரமாக இருக்கிறது. மழை பெய்யாத நாளிலும்தான். வாடையும் உண்டு.

பதில்: ட்ரெயின் பைப் அடைத்திருக்கிறது. ஏசியை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள், சொட்டவில்லை என்றால் சந்தேகமே இல்லை, தண்ணீர் உள்ளே வழிகிறது. கம்பியை விட்டுக் குத்தாமல் ஏசி கடையில் காற்றடித்து எடுக்கச் சொல்லுங்கள், பெரிய வேலை இல்லை. பெரிய வேலை கார்ப்பெட்தான். அடியில் இருக்கும் பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், மேலே தொட்டால் காய்ந்த மாதிரி தெரியும். தூக்கி வெயில் படவைக்காமல் விட்டால் காயிலை எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. அப்படியே வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் சேருகிற சருகையும் வாரம் ஒருமுறை அள்ளிப் போடுங்கள், வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

கேள்வி: ஏசி ட்ரீட்மெண்ட் என்று 1,800 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாவது வாரமே பழைய வாடை. கேட்டால் 'க்ளைமேட் அப்படி சார், இன்னொரு தடவை செய்யணும்' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். வெறுமனே 'ஏசி ட்ரீட்மெண்ட்' என்று இருந்தால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. ஃபில்டர் துளையில் ஒரு டப்பா ஸ்ப்ரே அடித்தாலும் அதே பெயர், ப்ளோயரைக் கழற்றி கேமரா விட்டுக் காயிலைக் கழுவினாலும் அதே பெயர். சில இடங்களில் வண்டியை மூடி ஓசோன் மெஷினை ஓடவிட்டு முடித்துவிடுவார்கள். ஓசோன் வாடையை அடக்கும், காயிலில் அப்பியிருக்கும் அழுக்கை எடுக்காது. அழுக்கும் ஈரமும் இருந்தால் பூஞ்சை திரும்பத்தான் செய்யும். உங்கள் விஷயத்தில் நடந்தது அதுதான் என்று படுகிறது.

ஆகவே மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள், வாட்ஸ்அப் போதாது. பில் எண், தேதி, என்ன முறையில் சுத்தம் செய்தீர்கள், செய்வதற்கு முன்னும் பின்னும் காயில் படம் இருக்கிறதா, இலவசமாகத் திரும்பச் செய்து தருவீர்களா என்று நான்கு வரி. பல இடங்களில் இதோடு வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 1,800 ரூபாய்க்காக ஆணையம் வரை நடக்க வேண்டுமா என்று கேட்டால், நான் 1915-உடன் நிறுத்திக்கொண்டு அடுத்த முறை நல்ல ஏசி கடையைத் தேடுவேன்.

டேஷ்போர்டை முழுக்க இறக்கிக் கழுவ வேண்டும் என்று சொன்னால் மட்டும் சட்டென்று ஒத்துக்கொள்ளாதீர்கள். காயிலை வெளியே எடுத்தால் கேஸை இறக்கி ஏற்ற வேண்டும், திரும்ப மாட்டிய டேஷ்போர்டு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகடக்கிற வாய்ப்பும் உண்டு. காயிலே ஓட்டையாகி மாற்றியாக வேண்டிய நிலை என்றால் வேறு வழியில்லை.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். பார்த்த ஒரு வண்டியில் பெர்ஃப்யூம் தூக்கலாக இருந்தது. சந்தேகப்பட வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம் என்று தண்ணீரில் நின்ற வண்டிகள் துடைத்து, வாசனை போட்டு, வேறு ஊர்களில் விற்பனைக்கு வருவது உண்டு. பெர்ஃப்யூமை வெளியே எடுத்துப் போடச் சொல்லுங்கள். வண்டியை வெயிலில் கண்ணாடி ஏற்றிப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து முதலில் ப்ளோயர் மட்டும், பிறகு ஏசி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை உருவுங்கள், அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு இருந்தால் கிளம்பிவிடலாம், வேறெதுவும் பார்க்கத் தேவையில்லை. சீட் தண்டவாளத்துப் போல்ட், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் இரண்டிலும் துருவைத் தேடுங்கள். ஒரே ஓனரிடம் ஆறேழு வருடம் இருந்த வண்டி, ஆனால் நடப்பு இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்குக் கிடைக்கிற தள்ளுபடி) பூஜ்யம் என்றால் க்ளெய்ம் எதற்கு எடுத்தார்கள் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: சுத்தம் செய்தாயிற்று. திரும்ப வராமல் இருக்க காருக்குள் அந்துருண்டை போடலாமா?

பதில்: வேண்டாம். வெயிலில் மூடி நிற்கிற வண்டியில் அதன் ஆவி நிறைந்துவிடும், கைக்குழந்தை ஏறுகிற வண்டி என்றால் வேண்டவே வேண்டாம். வீடு சேர நான்கைந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, வெளிக்காற்றுக்கு மாற்றி, ப்ளோயரை ஓடவிடுங்கள், காயிலில் நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் காய்ந்துவிடும். சில புதிய மாடல்களில் வண்டியை அணைத்த பிறகு ப்ளோயர் தானே கொஞ்ச நேரம் ஓடிக் காயவைக்கிற வசதியே இருக்கிறது, மெனுவில் தேடிப் பாருங்கள். நனைந்த குடையை மட்டும் டிக்கியில் போடாமல் வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுங்கள்.