கையுறைக்குக் காசு கிடையாது

கேள்வி: எங்கள் ஊர் நர்ஸிங் ஹோம் வாசலில் ‘இங்கு காப்பீட்டு அட்டை ஏற்கப்படாது’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். பல வருடமாக நாங்கள் பார்க்கும் டாக்டர். அவருக்கும் பேராசை வந்துவிட்டதா? – ஒரு வாசகர், தேனி மாவட்டம்.

பதில்: நீங்கள் பேராசையைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ அந்தப் பலகை மேல்தான் கண். ஒரு டாக்டரின் மனநிலையை அறிய ஸ்டெதாஸ்கோப் வேண்டாம், வாசலில் தொங்குவதைப் படித்தால் போதும். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று மட்டும் இருந்தால் புது டாக்டர். கீழே ‘தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று சேர்த்திருந்தால் அனுபவஸ்தர். ‘மெடிக்கல் ரெப்புகள் மதியம் 2 மணிக்கு மேல்’ என்றால் கூட்டம் சேரும் இடம். ‘கூகுளில் படித்துவிட்டு வந்து விவாதிக்க வேண்டாம்’ என்றால், பாவம், யாரோ மனுஷனை நோகடித்திருக்கிறார்கள். உங்கள் டாக்டர் மாட்டியிருப்பது கடைசிக்கு முந்தைய பலகை. கடைசிப் பலகையில் ‘இக்கட்டடம் விற்பனைக்கு’ என்று இருக்கும்.

ஏன் மாட்டினீர்கள் என்று அவரிடமே கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். டாக்டரிடம் காசு விஷயம் பேச நமக்குக் கூச்சம். டீக்கடையில் அவரைப் பற்றிப் பேசத்தான் கூச்சமே கிடையாது.

ஹரியானாவில் 2025 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். ஆயுஷ்மான் பாரத் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்த 600-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் ‘இனி அட்டை செல்லாது’ என்று நிறுத்தின. வரவேண்டிய பாக்கி ரூ.500 கோடி என்றது இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளை. பில் போன 15 நாளில் பணம் வரவேண்டும் என்பது திட்டத்தின் விதி. முந்தைய ஆண்டு பஞ்சாபிலும் இதே பஞ்சாயத்து. மருத்துவமனைகள் ரூ.600 கோடி பாக்கி என்றன, அமைச்சர் சொன்ன தொகை அதைவிட வெகு குறைவு. கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் வேறு வேறு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தால் இப்படித்தான்.

அரசுத் திட்டம் வேண்டாம், தனியார் பாலிசிக்கு வாருங்கள். அங்கே எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டாவிட்டால் பரிசோதனைக் கையுறைக்குப் பணம் கிடையாது. முகக்கவசத்துக்குக் கிடையாது. தெர்மாமீட்டருக்குக் கிடையாது. ஆக, டாக்டர் வெறுங்கையோடு, மூக்கை மூடாமல், நெற்றியில் புறங்கையை வைத்து ‘லேசா சுடுது’ என்று சொல்ல வேண்டும். எங்கள் பாட்டி இதைக் காசு வாங்காமல் செய்தாள், கூடவே கஷாயமும் கொடுத்தாள். அந்தக் கையுறைப் பணத்தை உங்களிடம் கேட்டால், ‘கேஷ்லெஸ்னு சொல்லிட்டு காசு கேக்குறாங்க’ என்று கவுன்ட்டரில் சண்டை. சண்டை போடுவது நீங்கள், வாங்கிக் கட்டிக்கொள்வது பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் பெண். காப்பீட்டு நிறுவனத்தின் டிஸ்சார்ஜ் ஒப்புதல் 3 மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று 2024-இல் விதி போட்டார்கள். நல்ல விதி. சட்டையை மாற்றிக்கொண்டு, ஃப்ளாஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு கட்டிலில் காத்திருக்கும் நோயாளிக்கு நல்ல விதி. ஆனால் ஒப்புதல் வேறு, பணம் பேங்க்கில் விழுவது வேறு.

ஐந்நூறு படுக்கை வைத்திருப்பவர் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பார். பதினைந்து படுக்கைக்காரர் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கும் நர்ஸ் சம்பளத்துக்கும் ஒன்றாம் தேதி பணம் எடுத்து வைக்க வேண்டும். அவரைப் போன்றவர்கள் காப்பீட்டு அட்டையை ஏற்க மாட்டார்கள். அதனால்தான் பலகை. பேராசை பிடித்த டாக்டரே கிடையாது என்று நான் சொல்லவில்லை, தேவையில்லாமல் ஸ்கேனுக்கு அனுப்புகிறவர்களை இதே பக்கத்தில் திட்டியிருக்கிறேன். அவர்களில் யாரும் காப்பீட்டு அட்டையை வேண்டாம் என்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் மாநிலத்துக் கதை தனி. 2009-இல் கலைஞர் பெயரில் ஒரு காப்பீட்டுத் திட்டம். ஆட்சி மாறியது, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். பெயரை மாற்றக் காட்டிய வேகத்தில் பாதியை ஒரு விஷயத்தில் காட்டியிருக்கலாம். காய்ச்சலுக்கு மாத்திரை எழுதித் தரும் தெருமுனை டாக்டருக்கு இந்தத் திட்டங்களில் இடமே இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காப்பீடு. படுக்க விடாமல் பார்த்துக்கொள்கிறவருக்கு யாரும் ஒரு பைசா தருவதில்லை.

அந்தத் தெருமுனை டாக்டரை நாம் எப்படிக் கொண்டாடுகிறோம் தெரியுமா? வண்ணாரப்பேட்டை டாக்டர் ஜெயச்சந்திரன் 2018-இல் காலமானார், வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் 2020-இல். இருவரும் ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்று பெயர் வாங்கியவர்கள், கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம்மூர்ப் பத்திரிகைகள் அவர்களைக் கொண்டாடிய விதத்தில் எனக்குப் பழைய சண்டை உண்டு. ஐந்து ரூபாய் வாங்குகிறவர்தான் டாக்டர், இருநூறு வாங்குகிறவர் கொள்ளைக்காரர் என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள். அந்த இருநூறில் வாடகை, கரண்டு பில், கம்பவுண்டர் எல்லாம் போய் என்ன மிஞ்சும் என்று ஒரு நிருபரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. ‘தனியார் மருத்துவமனைக் கொள்ளை’ என்று மூன்றாம் பக்கத்தில் எழுதிவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் ‘ரோபோ மூலம் மூட்டு மாற்று’ முழுப்பக்க விளம்பரம் போடுவார்கள்.

‘உங்கள் பின்னட்டையில் மட்டும் என்ன வாழுதாம்?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், பெரிய மருத்துவமனை ஒன்றின் விளம்பரம்தான். போன தீபாவளி இதழுக்கே அவர்களிடமிருந்து இன்னும் பணம் வரவில்லை. கேட்டால், இன்ஷூரன்ஸ் பணம் வந்ததும் தருகிறார்களாம்.