ஒரே பயணம், மூன்று கணக்கு

கேள்வி: இந்தியக் குடிமகளான நான், நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்று லண்டனில் வேலை பார்க்கிறேன். தாயாருக்குப் பக்கவாதம் வந்ததால் ஐந்தாண்டுகளில் ஒன்பது முறை பாளையங்கோட்டைக்கு வந்து சென்றேன். புறப்பட்ட நாளையும் திரும்பிய நாளையும் சேர்த்தால் 462 நாட்கள் ஆகின்றன. கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் மட்டும் இரு பயணங்களில் 96 நாட்கள். அவற்றில் முதலாவது பத்து மாதங்களுக்கு முற்பட்டது. பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா? ஊரில் வரும் வாடகைக்கும் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியர் தம் வெளிநாட்டு வருமானத்தை இந்திய வங்கியில் இடும் கணக்கு) வைப்பு வட்டிக்கும் வரி உண்டா?

பதில்: நோயுற்ற தாயாரைப் பார்க்கச் சென்ற நாட்களே உங்களுக்கு எதிராக நிற்குமோ என்ற கவலை புரிகிறது. ஆனால் நீங்கள் கூட்டிய முறையில்தான் பிழை இருக்கிறது. பிரிட்டிஷ் குடியுரிமைக் கணக்கில் முழு நாளும் நாட்டுக்கு வெளியே இருந்தால்தான் அது வெளிநாட்டு நாள். புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் சேரா. ஒன்பது பயணங்களுக்குப் பதினெட்டு நாட்களைக் கழித்தால் 444 வருகிறது. வரம்பு 450 என்பதால் ஐந்தாண்டுக் கணக்கில் தேறிவிடுகிறீர்கள்.

கடைசி ஆண்டின் 96, அதே முறையில் 92 ஆகிறது, வரம்போ 90. நூறு நாட்கள் வரை அதிகாரிகள் பொதுவாக விட்டுக்கொடுப்பார்கள் என்றாலும், அது அவர்களின் விருப்புரிமையே தவிர உங்கள் உரிமையன்று. மறுத்துவிட்டால் விண்ணப்பக் கட்டணமும் திரும்பாது. ஆகவே, மேற்கொண்டு பயணம் செய்யாமல் சில மாதங்கள் பொறுத்து, முதற்பயணத்தின் நாட்கள் பன்னிரண்டு மாத எல்லையைக் கடந்தபின் விண்ணப்பிப்பதையே நான் பரிந்துரைப்பேன். அப்போது இன்னொன்றையும் பாருங்கள்: விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்கு ஐந்தாண்டு முன்பு, அந்தத் தொடக்க நாளில் நீங்கள் பிரிட்டனுக்குள் இருந்திருக்க வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தும் இந்த ஒரு நாளைக் கவனிக்காமல் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு.

இந்தப் பட்டியலை வரிக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். 10ஆம் தேதி மாலை லண்டனில் ஏறி, 11ஆம் தேதி சென்னையில் இறங்கி, 20ஆம் தேதி அதிகாலை புறப்பட்டு அன்றே லண்டன் திரும்பினால், குடியுரிமைக்கு அது ஒன்பது நாள். பிரிட்டிஷ் வரித்துறை பொதுவாக நள்ளிரவில் எங்கே இருந்தீர்கள் என்று பார்ப்பதால் அங்கே பத்து இரவு. இந்திய வருமான வரிக்கு, வந்த நாளையும் கிளம்பிய நாளையும் சேர்த்துப் பத்து நாள் என்று கொள்வதே பாதுகாப்பு. வரி ஆண்டு தொடங்கும் நாளும் வேறுபடும்: இந்தியாவில் ஏப்ரல் 1, பிரிட்டனில் ஏப்ரல் 6. சென்னை விமான நிலைய முத்திரையில் லண்டனை விட்ட தேதி இராது என்பதால், விமானச் சீட்டுகளையும் போர்டிங் பாஸ்களையும் பத்திரப்படுத்துங்கள்.

வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு ஊருக்கு வந்துபோகும் இந்தியக் குடிமகள், ஒரு நிதியாண்டில் 182 நாட்களை எட்டாதவரை பொதுவாக இந்தியாவில் வசிக்காதவராகவே கருதப்படுவார். வெளிநாட்டு வருமானம் நீங்கலான மொத்த வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் மட்டும், முந்தைய நான்காண்டுகளில் 365 நாட்களேனும் இந்தியாவில் இருந்தவருக்கு வரம்பு 120 நாளாகக் குறையும். பாளையங்கோட்டை வாடகைக்கு எப்படியும் இந்தியாவில் வரிக்கணக்கு உண்டு. அதே வாடகையைப் பிரிட்டனிலும் காட்டி, இந்தியாவில் கட்டிய வரியை இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி அங்கே கழித்துக்கொள்ளலாம்.

பலரும் தவறுவது என்.ஆர்.இ. வட்டியில்தான். இந்தியாவில் அதற்கு வரிவிலக்கு இருப்பதால் எங்கும் காட்ட வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பிரிட்டனில் வசிப்பவருக்கு அது வரிக்குரிய வருமானம். இதுவரை காட்டாமல் விட்டிருந்தால், வரித்துறை கேட்கும்வரை காத்திராமல், குடியுரிமை விண்ணப்பத்துக்கு முன்பே தாமாகத் தெரிவித்துச் சரிசெய்துவிடுங்கள். குடியுரிமை தருமுன் உங்கள் நன்னடத்தையை ஆராயும்போது வரி ஒழுங்கையும் பார்ப்பார்கள்.