பள்ளி பரிந்துரைத்த சமூகத் திறன் பயிற்சி: ஒரு தாயின் பதில்

ஏழு வயது மகனை, மற்றப் பிள்ளைகளோடு பேசிப் பழகக் கற்றுத்தரும் சமூகத் திறன் பயிற்சிக் குழுவில் சேர்க்கலாம் என்று ஆசிரியை சொன்னதாகவும், வேற்றுமொழி பேசும் இந்த ஊருக்கு வந்து பத்து மாதமே ஆன நிலையில் பிள்ளைக்குக் குறை என்று முத்திரை குத்துகிறார்களோ என மனம் அடித்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளைப் பற்றி இதையே கேட்டபோது, அதை என் வளர்ப்பின்மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளைக்கு இது எதற்கு என்று ஓராண்டு தட்டிக்கழித்தேன்.

பிறகு சேர்த்தோம். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் எப்படிச் சேர்வது என்பதற்கே மூன்று வாரம் ஆயிற்று: சற்றுத் தள்ளி நின்று கவனிப்பது, இடைவெளி வரும்வரை பொறுப்பது, அந்த ஆட்டத்தைப் பற்றியே ஒரு வார்த்தை சொல்லி நுழைவது, மறுத்தால் சண்டையிடாமல் விலகுவது. அதுவரை நேரே போய்ப் பந்தைப் பிடுங்கியவள், நானும் அவள் அப்பாவும் பேசும்போது அருகில் வந்து நின்று, "நீங்கள் மூச்சுவிடக் காத்திருக்கிறேன்" என்றாள்.

காத்திருப்பு அறையில் ஒரு தாய் இதை நீச்சல் வகுப்பைப் போலச் சாதாரணமாகப் பேசினார். ஆட்டிசம் உள்ள பையனின் தந்தையோ, மகனை வேறொருவனாக நடிக்கப் பழக்குகிறார்களோ என்று அஞ்சினார். அவர் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆட்டிசம் உள்ள சமூகவியலாளரான டேமியன் மில்டன், ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரு தரப்புமே ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார்கள் என்பதை 2012இல் 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்ற பெயரில் முன்வைத்தார். ஒரு தரப்புக்கு மட்டும் பயிற்சி தருவது பாதி வேலைதான் என்பது என் எண்ணம்.

அறைக்குள் கற்றது விளையாட்டுத் திடலுக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடுவதும் உண்டு. கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் பதின்வயதினருக்காக உருவான பியர்ஸ் என்ற சமூகத் திறன் பயிற்சித் திட்டத்தில், பிள்ளைகள் பயிலும் அதே நேரத்தில் பெற்றோருக்கும் தனி அமர்வு நடப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் பள்ளியில் பெற்றோருக்கு என்ன பங்கு, இடைவேளையில் மகனை யார் கவனிப்பார்கள் என்று கேளுங்கள்.

அதற்கும் முன்பாக, புதிய மொழிச் சூழலுக்கு வந்த குழந்தை சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு என்பதால், தமிழில் அவன் எப்படிப் பழகுகிறான் என்பதையும் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நானாக இருந்தால் ஒரு அமர்வை நேரில் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன். கண்ணைப் பார்த்துப் பேசு என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தி, அந்தத் தந்தை அஞ்சியதுபோல் நடிக்கப் பழக்கும் குழுவாக இருந்தால் சேர்க்க மாட்டேன்.